ஏரியைப் பார்க்கப் போனது

எங்கள் ஊரில் ஏரியைப் பார்க்கவென்று யாரும் போனதில்லை. எருமை குளிப்பாட்டப் போவார்கள், துணி துவைக்கப் போவார்கள், நிலம் வைத்திருப்பவர்கள் மதகில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். சும்மா போய்க் கரையில் நின்று, ஆகா என்ன அழகு என்று பார்த்துவிட்டு வந்த ஒரு ஆளை ஆரணியில் நான் கண்டதில்லை. ஏரியைப் பார்ப்பது என்கிற பேச்சு எங்கள் தெருவில் பெண்கள் வாயிலிருந்து மட்டும்தான் வரும், அதற்கு அர்த்தமும் ஒன்றே ஒன்றுதான். புருஷன் ஏசினாலும், நாத்தனார் இடித்துப் பேசினாலும், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும், "ஏதாவது ஏரி கொளத்தப் பாத்துகினு போயிடறேன்" என்பார்கள். எதிர்வீட்டுக்காரி காலையில் ஒருதரம் சொல்லுவாள், மாலையில் ஒருதரம் சொல்லுவாள். சொன்ன கையோடு இட்லிக்கு மாவாட்ட உட்கார்ந்துவிடுவாள். எங்களோடு இருந்த அத்தையும் சொல்லுவாள். அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

என் அம்மா மட்டும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் பொதுவாகவே பேச்சுக் குறைவு. சண்டை என்று வந்தால் இன்னும் குறைவு. அப்பேர்ப்பட்டவள் அந்தக் கோடையில் ஒருநாள் சொன்னாள். உப்பு தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வருகிறேன் என்பது மாதிரியான குரலில் சொன்னாள். அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்திருந்தது. எண்பதுகளின் தொடக்கம். அந்தத் தை மாதம் அம்மா பெரிய வயிற்றோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வயிறும் இல்லாமல், கையில் குழந்தையும் இல்லாமல் திரும்பி வந்தாள். பாப்பா சாமிகிட்டே போய்விட்டது என்று அத்தை எனக்குச் சுருக்கமாகத் தகவல் சொன்னாள். அதைப் பற்றி அம்மாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே காதைத் திருகியும் வைத்தாள். பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்த தொட்டில் கம்பு திரும்பப் பரணுக்குப் போனது. அதுவரைக்கும் வீட்டில் என்னைத்தான் பாப்பா என்று கூப்பிடுவார்கள். தை மாதத்துக்கப்புறம் எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பத்து வயது ஆகிவிட்டது, மரியாதை கொடுக்கிறார்களாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா அழவில்லை. அதுதான் எல்லோருக்கும் கவலை. வந்து விசாரித்தவர்கள் எல்லாம் அழுதார்கள், அவர்களுக்கு அம்மாவே காபி போட்டுக் கொடுத்தாள். மற்ற நேரத்தில் தோட்டத்துத் துவைகல் மேல் உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் சோறு குழைந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அத்தைதான் ஓடிவந்து இறக்குவாள்.

அப்பாவுக்குச் சாயப்பட்டறை. தறிக்காரர்களுக்கும் பெரிய முதலாளிகளுக்கும் பட்டு நூலில் சாயம் ஏற்றிக் கொடுப்பார். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று அவர் கை ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும், நகக்கண்ணில் மட்டும் எல்லா நிறமும் இருக்கும். எங்கள் ஊரில் ஒரு புடவைக்கு வரக்கூடிய பெரிய கெட்ட பெயர், சாயம் போகிறது என்பதுதான். யாருக்காவது ஒரு புடவை சாயம் போனால் இழவு விசாரிப்பது போல விசாரிப்பார்கள். அப்பா பட்டறையில் அந்தப் பேச்சே கூடாது. "நான் போட்ட சாயம், எமனே வந்து அலசினாலும் போவாது" என்று மார்தட்டுவார். மற்ற விஷயங்களில் எல்லாம் விட்டுக்கொடுக்கிற மனுஷன்தான். சாயத்தில் மட்டும் சாமி வந்தவர் மாதிரி ஆடுவார்.

அன்றைக்கு அவர் பட்டறையிலிருந்து வந்து, எவ்வளவு நாளைக்கு இப்படியே உட்கார்ந்துகொண்டிருப்பாய் என்று அம்மாவைக் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அம்மா அவரை நிமிர்ந்து பார்க்காமல்தான் பதில் சொன்னாள்.

"ஏதாவது ஏரி கொளத்தப் பாத்துகினு போயிடறேங்க. உங்களுக்கும் பேஜார் இல்ல."

நான் கதவுக்குப் பின்னால் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு ஒரே ஒரு ஆறுதல், அந்த வருஷம் மழை இல்லை. ஊர் ஏரியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கமண்டல நாக நதியில் மணல்தான் ஓடியது. எதிர்வீட்டுக்காரர் கிணற்றில்கூட வாளி தரை தட்டியது. ஆகவே அம்மா மனசு வைத்தாலும் இப்போதைக்கு முடியாது, மழைக்காலம் வருவதற்குள் அவளுக்குச் சரியாகிவிடும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கில் அப்பாவே மண்ணை அள்ளிப் போட்டார். இரண்டு மூன்று நாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோது, சேலத்து முதலாளி ஒருவர் ஏற்காட்டு மலையில் ஓட்டல் கட்டியிருக்கிறார், சாயம் நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டுப் போகச் சொல்லி ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறார் என்றார். வேலூர் டாக்டரும் இடம் மாற்றிக் கூட்டிப்போ என்று சொல்லியிருந்தாராம். போவதாகச் சொல்லியனுப்பியாகிவிட்டது என்றார். குளிர்ச்சியான இடம், நல்ல சாப்பாடு, காலாற நடக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனவர், "ஓட்டலுக்கு எதிர்லயே பெரிய ஏரி இருக்குதாம், பாத்துட்டு…" என்று சொல்லும்போது நிறுத்தினார். சோறு புரையேறிவிட்டது என்று நினைத்து அத்தை அவர் தலையில் தட்டினாள். அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு, மலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடித்தார்.

எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, இதற்கு மட்டும் சரி என்று தலையாட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா ஒரு வளையல் கேட்டு மூன்று தீபாவளி கடந்திருந்தது. ஏரி கேட்டதை மட்டும் இந்த அப்பா உடனே வாங்கித் தருகிறாரே என்று அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உள்ளூர் ஏரியில் தண்ணீர் இல்லையென்று பஸ் வைத்து வேறு ஏரிக்குக் கூட்டிப்போகிறாரே, இது என்ன மனுஷன் என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? அத்தையிடம் போய், அந்த ஏரியில் தண்ணீர் நிறைய இருக்குமா என்று மட்டும் கேட்டேன். எந்தக் கோடையிலும் வற்றாதாம், யானை முங்குகிற ஆழமாம் என்று அத்தை சந்தோஷமாகச் சொன்னாள். போதாததற்கு ஏரியும் காடும் சேர்ந்து ஏரிக்காடு, அதுதான் ஏற்காடு ஆயிற்று என்று ஒரு விளக்கமும் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயணத்துக்காக எனக்கு ஒரு ரிப்பன் தயாரானது. தறியில் மிஞ்சிய வெள்ளைப் பட்டில் ஒரு நீளத் துண்டை அப்பா அரக்குச் சாயத்தில் முக்கியெடுத்தார், அத்தை அதை ஓரம் மடித்துத் தைத்தாள். கடை ரிப்பனைவிட இரண்டு பங்கு நீளம். அதைக் கொடுக்கும்போது அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, அங்கே அம்மா கூடவே இரு, பாத்ரூம் போனாலும் வாசலில் நில்லு, கையை விடாதே என்றார். புது ஊரில் நான் தொலைந்துபோவேன் என்று பயப்படுகிறார் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். இதுகூடவா எனக்குத் தெரியாது, நீங்கள் செய்கிற காரியத்துக்கு நான்தான் காவல் இருக்க வேண்டியிருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திருவண்ணாமலை போய், சேலம் போய், அங்கிருந்து மலை பஸ். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் நான் வாந்தியெடுத்தேன். மேலே போய் இறங்கியபோது குளிர்ந்த காற்றில் பல் கிட்டியது. ஓட்டல் என்றதும் எங்கள் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் மாதிரி மேஜையும் சாம்பார் வாளியுமாக இருக்கும், ராத்திரி மேஜை மேல்தான் படுக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இது ரோஜாத் தொட்டி வைத்த மாடிக் கட்டடம். அதன் எதிரே, தாழ இறங்கும் படிக்கட்டுக்குக் கீழே, ஏரி. மலைகளுக்கு நடுவில் பச்சை கலந்த கறுப்பாக அசையாமல் கிடந்தது. அவ்வளவு தண்ணீரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அம்மா நின்று அதைப் பார்த்தாள். நான் அவள் கையை இறுகப் பிடித்தேன்.

மேனேஜர் அப்பாவின் நகங்களை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, முதலாளி சொல்லியிருக்கிறார், ஏரியைப் பார்த்த மாதிரி முதல் தரமான ரூம் ஒதுக்கியிருக்கிறோம் என்றார். அப்பா வேண்டாம் என்றார். பின்பக்கம் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார். பின்பக்கம் என்றால் சமையல்கட்டுப் புகை வரும், கோழிக்கூண்டு இருக்கிறது என்று மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லோரும் ஏரிப் பக்கத்துக்குச் சண்டை போடுகிறார்கள், நீங்கள் ஒருவர்தான் சார் இப்படி என்று வியந்தார். எங்களுக்குத் தண்ணீர்க் காற்று ஒத்துக்கொள்ளாது என்று அப்பா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். கோழிகளுக்குப் பக்கத்து ரூம் கிடைத்தது. அப்பாவின் கஞ்சத்தனமும் ஒரு நல்லதுக்குத்தான் என்று நான் நினைத்தேன். அதில் கஞ்சத்தனம் எங்கே வந்தது என்று யோசிக்கிற வயசு இல்லை.

மறுநாளிலிருந்து நடை ஆரம்பமானது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தாராம். காபித் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதை. உயர உயரமான மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அம்மா ஒரு மிளகுக் கொத்தைப் பறித்துக் கடித்துப் பார்த்து, பச்சையிலேயே காரம் என்றாள். அவள் தானாக வாய் திறந்து சொன்னது நெடுநாளைக்கப்புறம் அதுதான். அப்பா ஒரு கொத்து பறித்து அவரும் கடித்து, ஆமாம் காரம், ஆமாம் காரம் என்று கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

காட்டுப் பாதை எனக்குப் பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போது ஏரிக்கரை ரோட்டில் நடந்தாக வேண்டும், அதுதான் பிரச்சினை. நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். அம்மாவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நான் நடப்பது. ஆனால் பாருங்கள், ஏரி எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கமே அப்பாவும் வந்து ஒட்டுவார். நான் நுழையப் பார்ப்பேன், அவர் காலில் இடறுவேன். அவர் என்னை அந்தப் பக்கம் போ என்று தள்ளுவார், நான் மறுபடியும் இந்தப் பக்கம் வருவேன். ரோட்டின் மறு பாதி முழுக்கக் காலியாகக் கிடக்க, நாங்கள் மூவரும் நெரிசலில் போகிறவர்கள் மாதிரி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனோம். வேடிக்கை பார்க்கத்தான் அவருக்கு ஏரிப் பக்கம் வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபம். அம்மா ஒருதரம் நின்று, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. சமையல்கட்டில் ஒரு மலைக்காரம்மா இருந்தாள். கேட்கிறவர்களுக்கு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் செய்து கொடுப்பாள். சாமைச் சோறு, அதற்கு மொச்சைக்கொட்டைக் குழம்பு, மேலே ஒரு கரண்டி நெய். பின்பக்கத்து ரூம் என்பதால் குழம்பு கொதிக்கிற வாசனை எங்களுக்குத்தான் முதலில் வரும். அம்மா இரண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினாள். அப்பா தன் தட்டில் கை வைக்காமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் கரையோரத்தில் வாழைக்காய் பஜ்ஜி போடுவார்கள், அந்தக் குளிருக்கு அது எல்லோருக்கும் தேவாமிர்தம். என் பஜ்ஜி கையிலேயே ஆறிப்போகும். பஜ்ஜியைப் பார்த்தால் அம்மாவைப் பார்க்க முடியாது, அம்மாவைப் பார்த்தால் பஜ்ஜியைப் பார்க்க முடியாது, நான் என்ன செய்வேன்.

படகுக்காரர் தினமும் வந்து, ஒரு சுற்று வாங்க சார், பாப்பாவுக்கு ஜாலியா இருக்கும் என்று கூப்பிடுவார். பாப்பா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மாவின் முகம் மாறிவிடும். அப்பா, எனக்குப் படகு என்றால் மயக்கம் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவார். இவ்வளவு தூரம் வந்து படகு ஏறாமல் போவது என்ன புத்தி என்று பக்கத்து ரூம்காரர் கேட்டார். ஊர் பேர் தெரியாத அந்த மனுஷன் மேல்கூட நான் எரிந்து விழுந்திருப்பேன்.

மத்தியானத் தூக்கம்தான் ஆபத்தானது. எவ்வளவு கண்ணை அகல வைத்துக்கொண்டாலும் சாமைச் சோறு ஆளை அமுக்கிவிடும். யோசித்து யோசித்து, என் ரிப்பனின் ஒரு முனையை அம்மாவின் முந்தானையில் முடிச்சுப் போட்டேன், மறு முனையை என் மணிக்கட்டில் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டேன். அம்மா எழுந்தால் என் கை இழுபடும். முதல் நாளே அம்மா கண் விழித்துப் பார்த்துவிட்டாள். இது இன்னாத்துக்கு என்று கேட்டாள். தொலைஞ்சு போவக் கூடாதுன்னு என்றேன். "யாரு? நீயா, நானா?" என்றாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். கட்டை அவிழ்த்து எறிவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. அன்று முதல் பகல், ராத்திரி, நான் படுக்கும்போதெல்லாம் அவளே முந்தானையை என் பக்கம் நீட்டுவாள்.

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாள் காலையில் கோழி கூவி விழித்தேன். கை லேசாக இருந்தது. மணிக்கட்டில் முடிச்சு இல்லை. பக்கத்தில் அம்மா இல்லை. அப்பா படுக்கையும் காலி. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் திறந்திருந்தது.

எப்படி ஓடினேன் என்று சொல்லத் தெரியவில்லை. வெளியே வெளுக்கத்தான் ஆரம்பித்திருந்தது. பனி இறங்கி ஏரியே தெரியவில்லை, படிக்கட்டின் கடைசிப் படிகளும் அதோடு சில அடி தண்ணீரும்தான் தெரிந்தன. கீழ்ப்படியில் அம்மாவின் செருப்பு இருந்தது. கோயில் வாசலில் விடுவது போல ஒன்றை ஒட்டி ஒன்றாக வைத்திருந்தது. நான் அம்மா என்று கத்தினேன். அந்தப் பனியில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. அவர் ஏற்கெனவே எங்கேயோ தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும், பனியனும் லுங்கியுமாக ரோட்டுப் பக்கமிருந்து ஓடி வந்தார். செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே தண்ணீரில் குதித்துவிட்டார்.

என் அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. வீட்டுத் தொட்டித் தண்ணீரைச் செம்பில் மொண்டு குளித்துப் பழகியவர். சாயத் தொட்டியைவிட ஆழமான தண்ணீரில் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. இடுப்பளவில் நின்றவர், இன்னும் போனார். சறுக்கினார். தலை முங்கிற்று. எழுந்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். என் அப்பா அவள் பெயரைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். எங்கள் வீட்டில் "இந்தா" என்றால் அம்மா என்று அர்த்தம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. மறுபடி முங்கினார். படகுத் துறையில் படுத்திருந்த படகுக்காரர் எழுந்து குதித்து, பனியனைப் பிடித்து இழுத்து அவரைக் கால் தரிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார். அப்பா அவரை உதறிவிட்டு மறுபடியும் உள்ளே போகப் பார்த்தார்.

அப்போது கரையோரமாகப் பனிக்குள்ளிருந்து அம்மா நடந்து வந்தாள். வெறுங்கால். முழங்காலுக்கு மேலே வரைக்கும் புடவை நனைந்து ஒட்டியிருந்தது. முந்தானையில் என் அரக்கு ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் என் மணிக்கட்டு முடிச்சைத்தான் அவிழ்த்திருக்கிறாள், தன் முடிச்சை அவிழ்க்கவில்லை. நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரில் நின்றவரையே பார்த்தாள்.

"ஏங்க, தண்ணில இன்னா பண்ணிகினு இருக்கீங்க?"

அப்பா மூச்சு வாங்கினார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் கடிகாரம், லுங்கி எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது.

"குளிக்கலாம்னு வந்தேன்" என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்தாள். வேலூரிலிருந்து வந்ததிலிருந்து அழாத அழுகையெல்லாம் அன்றைக்கு அந்தப் படியில் வந்தது. வாய்விட்டு, ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். ஓட்டலில் ஜன்னல்கள் திறந்தன. மலைக்காரம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். படகுக்காரர், அழாதீங்கம்மா, சாருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தேற்றப் போனார். அப்பா தண்ணீரில் நின்றபடியே அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"வுடுங்க. அழட்டும்."

குளிக்கப் போனேன் என்று சொன்னதை அப்பா கடைசி வரைக்கும் மாற்றவில்லை. மேனேஜர் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். அவ்வளவு குளிரில், கடிகாரத்தைக் கழற்றாமல், விடியாத நேரத்தில் குளிக்கப் போன ஆரணிக்காரர் என்று அவருக்கு ஏற்காட்டில் ஒரு பெயர் நின்றிருக்கலாம். அம்மாவும் கேட்டவர்களுக்கெல்லாம், நடக்கப் போனேன், செருப்பைப் போட மறந்துவிட்டேன் என்று சொன்னாள். அதை நான் அப்படியே நம்பினேன். அம்மா கிடைத்துவிட்டாள், ஊருக்குப் போகிறோம், ஊர் ஏரியில் தண்ணீர் இல்லை. எனக்கு வேறென்ன வேண்டும்? கிளம்புவதற்கு முன் மலைக்காரம்மா கட்டிக்கொடுத்த சாமைச் சோற்றை பஸ்ஸில் நான் ஒருத்தியே முக்கால்வாசி தின்றேன்.

மலையிறங்கி சேலத்தில் பஸ் மாறிய பிறகு அம்மா என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். முந்தானையில் ரிப்பன் இன்னும் அப்படியே கட்டியிருந்தது. என்னைக் கேட்காமல் எதற்கு என் ரிப்பனை எடுத்துக்கொண்டு போனாய் என்று சண்டைக்குப் போனேன். நல்லதை நல்லபடியாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று, அவள் என்னைக் கேட்கிற கேள்வியை அவளிடமே கேட்டேன்.

 அம்மா ரிப்பனை அவிழ்த்து, மடியில் வைத்து, சுருக்கத்தைக் கையால் நீவினாள்.

"நான் எடுத்துகினு போகல பாப்பா. அதுவா கூட வந்துச்சு. தண்ணில எறங்கினேனா, முந்தானையோட சேந்து இதுவும் தண்ணில விழப் பாத்துச்சு. நனைஞ்சா சாயம் போயிடுமேன்னு திரும்பி வந்துட்டேன்."

எனக்கு அது முழுசாகப் புரிந்துவிட்டது. ஆரணியில் பிறந்தவளுக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு வேண்டுமா? அதோடு என்னைப் பழையபடி பாப்பா என்றும் கூப்பிட்டுவிட்டாள். ஆனாலும் அதில் அப்பாவின் தொழிலுக்கு ஒரு அவமானம் இருந்தது. அவர் கையால் போட்ட சாயத்தை, அவர் பெண்டாட்டியே போய்விடும் என்று சொல்வதா? இன்றைக்கு அப்பா அம்மாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று எனக்குக் குஷி. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் தோளைத் தட்டி எழுப்பினேன். ரிப்பன் நனைந்தால் சாயம் போய்விடும் என்றுதான் அம்மா தண்ணீரிலிருந்து திரும்பி வந்தாளாம் என்று கோள் சொன்னேன்.

எமனே வந்து அலசினாலும் என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அப்பா திரும்பி முதலில் அம்மாவைப் பார்த்தார். பிறகு அவள் மடியில் கிடந்த ரிப்பனைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "போயிடும். அந்தச் சாயம் தண்ணில பட்டா நிக்காது."

சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். செங்கம் தாண்டுகிற வரைக்கும் திரும்பவே இல்லை.

தன் சாயம் போகும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். எனக்கு மனசே ஆறவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கியதும் இறங்காததுமாக, அத்தை ஆசையாகக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லாமல், தோட்டத்துக்கு ஓடி ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து ரிப்பனை அதில் போட்டேன். துவைகல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கசக்கினேன், பிழிந்தேன், மறுபடி முக்கினேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பொட்டுச் சாயம்கூடப் போகவில்லை. ஒரு ரிப்பனுக்காக இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னிடம் எதற்கு இப்படிப் பொய் சொன்னார்கள் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.